துணிக்கு அந்தப் பக்கம்

இதை நம்பச் சொல்லி நான் ஒருத்தரையும் கெஞ்சப் போவதில்லை. கேட்டவர்களில் ஒருவன் “அண்டைக்கு நல்ல வெறியில இருந்திருப்பாய்” என்று சிரித்தான். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு சொட்டுக் கள்ளும் இருக்கவில்லை. பச்சைத் தண்ணீருக்கே பவுசர் லொறி வரவேண்டும். அதோடு, பார்த்தது நான் ஒருவன் இல்லை. ஊரே பார்த்தது. ஒரு ஊருக்கே ஒரே நேரத்தில் மூளை பிசகாது.

நடந்தது 2010ஆம் ஆண்டு, மடுத் திருவிழா முடிந்த அடுத்த கிழமை. இடம், மன்னார்ப் பாலம் தாண்டி வடக்கே, கடலோடு ஒட்டிய ஒரு சின்ன ஊர். பேர் சொல்லமாட்டேன். அங்கே இன்னும் சனம் இருக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன்.

எங்களை மீள்குடியேற்றி நாலு மாசம். தகரக் கொட்டில்கள். மேற்கே கடல். வடக்கே ஒரு மணல் வெளி. அந்த வெளியின் ஓரம் முழுக்க மண்டையோடு கீறின சிவப்புப் பலகைகள். மிதிவெடி இன்னும் கிண்டி எடுக்கவில்லை. காகம்கூட அங்கே இறங்கி நாங்கள் கண்டதில்லை.

ஆனால் பொழுதுபட்டால் அந்த வெளியிலிருந்து இருமல் கேட்கும்.

ஒரு ஆள் இருமுகிற இருமல் இல்லை. பலர். கோயிலில் பூசைக்கு நடுவே சாமியார் கொஞ்சம் பேசாமல் நிற்கும்போது சனம் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருமுமே... அப்படி. கூட்டமாக எதற்கோ காத்திருக்கிறவர்கள் மாதிரி.

ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பத் தொடங்கியது. அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த ஐயா நேராகவே சொன்னார். “குடும்பம் குறைஞ்சால் இஞ்ச றோட்டும் வராது, தண்ணியும் வராது. மிச்சம் நிக்கிறவையை வேற எங்கயாவதுதான் போடுவம்.” வேறெங்காவது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். ஒருமுறை விட்டுப் போய் இருபது வருசம் அலைந்தோம். இன்னொருமுறை போனால் இந்தக் காணி எங்களுக்கு இல்லை.

என் மனுசி ஜெயந்தினியும் மூட்டை கட்டிவிட்டாள்.

“நாளைக்குக் காலமை பஸ்ஸுக்கு நான் தலைமன்னாரில அக்கா வீட்ட போறன். நீங்கள் வந்தால் வாங்கோ. இல்லையெண்டால் பேயோட குடும்பம் நடத்துங்கோ.”

“போறதெண்டால் இண்டைக்கே போகலாமே.”

“இண்டைக்குப் படம் போடினமெல்லே.”

அதுதான் ஜெயந்தினி. பேய்க்குப் பயந்து ஊரை விட்டுப் போவாள். ஆனால் படத்தை விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

சனம் கலையாமல் இருக்கவேண்டும் என்றுதான் மீனவர் சங்கத் தலைவர் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை படம் போட ஏற்பாடு செய்தார். அவருக்கு அந்தோனியார் படம் போட ஆசை. கூட்டத்தில் என் மனுசி எழும்பி நின்றாள்.

“அந்தோனியாரை நான் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கோயிலில பாக்கிறன் அண்ணை. குத்துச்சண்டைப் படம் போடுங்கோ.”

“பொம்பிளையள் பாக்கிற படமே அது?”

“ஏன், அடி வாங்கிறதைப் பற்றி எங்களுக்குத் தெரியாதோ?”

பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஆம்பிளைகளில் இரண்டு பேர் நிலத்தைப் பார்த்தார்கள். குத்துச்சண்டைப் படம் என்று முடிவானது. அனுமதி கேட்க ஆமி முகாமுக்குப் போனபோது, “என்ன படம்?” என்று கேட்டார்களாம். “சண்டைப் படம் சேர்” என்றிருக்கிறார் அண்ணை. “என்ன சண்டை?” அண்ணைக்கு வியர்த்துவிட்டது. இரண்டு கையையும் பொத்திக் காட்டி, “வெறுங்கையால போடுற சண்டை சேர்” என்றாராம். சிரித்துவிட்டு, ஒன்பதரை மணிவரை போடலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

இந்தக் குத்துச்சண்டைப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலம். யாரோ வீட்டு யன்னலில் தொங்கிக்கொண்டு இப்படி ஒரு படம் பார்த்துவிட்டு வந்தாள். அழுதிருந்தாள்.

“அவன் விழுந்தவுடன ஒருத்தன் குனிஞ்சு நிண்டு எண்ணுறான். பத்து எண்ணும் மட்டும் பொறுக்கிறான். அதுக்குள்ள எழும்பினால் அவன் தோக்கேல்லை.” முகத்தைத் துடைத்தாள். “நாங்கள் விழேக்க எங்களுக்கு ஆர் நிண்டு எண்ணினது?”

அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை. எனக்கும் அந்தப் படங்கள் பிடித்துப்போயின. இன்னொரு காரணமும் உண்டு. எத்தனை வருசமாக வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அந்தப் படம் ஓடும்போது “அடி! விடாதை! அடி!” என்று தொண்டை கிழியக் கத்தலாம். ஆரை அடிக்கச் சொல்லுறாய் என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

சின்ன டிவியில் பார்த்தால் அடி அங்கே விழும். பெரிய திரையில் பார்த்தால் அடி எங்கள் தாடையில் விழும். அதனால் பெரிதாகவே கட்டினோம். பெட்சீற் நாலு. ஜெயந்தினிதான் சேர்த்துத் தைத்தாள். கட்டுவதற்கு ஊரில் உயரமாக நின்றது இரண்டே தூண்கள். குண்டு விழுந்து இடிந்த சங்கக் கட்டடத்தின் கொங்கிறீற் தூண்கள். அவை நின்றது மிதிவெடி வெளியின் ஓரத்தில். திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் சிவப்புப் பலகை.

இங்கே ஒரு விசயம் சொல்லவேண்டும். முந்தி ஊர்களில் வெளியில் துணி கட்டிப் படம் போட்டால் இரண்டு பக்கமும் சனம் இருக்கும். காசு குடுத்தவர்களுக்கு முன்பக்கம். குடுக்காதவர்களுக்குப் பின்பக்கம். துணி மெல்லிசு என்றபடியால் பின்னாலும் படம் தெரியும். ஆனால் மாறித் தெரியும். வலது கை இடது கையாகும். எழுத்து மறுபக்கம் பார்க்கும். சின்ன வயசில் நான் எப்போதும் பின்பக்கம்தான். எனக்கு அப்போது எழுத்தும் தெரியாது. அது எந்தப் பக்கம் பார்த்தால் எனக்கென்ன. நான் பார்த்த கதாநாயகர்கள் எல்லாரும் இடக்கையால்தான் அடித்தார்கள்.

அன்றைக்குப் பின்பக்கம் யாரும் இருக்கமுடியாது. இருந்தால் துண்டு துண்டாகத்தான் திரும்பி வரவேண்டும்.

புரொஜெக்டரும் ஜெனரேற்றரும் கொண்டுவந்தவர் உப்புக்குளத்து அப்துல் ஹமீட் நானா. புத்தளத்து முகாமில் இருபது வருசம் இருந்துவிட்டு அவரும் திரும்பி வந்தவர். படம் காட்டுவதுதான் தொழில். என்னிடம் இடது பக்கத் தூணின் கயிற்றைத் தந்தார். “தம்பி, காத்துக்குத் துணி தளரும். இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ.”

ஆனால் அன்றைக்குக் காற்றே இல்லை. ஒரு ஓலை அசையவில்லை.

ஏழு பத்துக்குப் படம் தொடங்கியது. தொடங்கியவுடன் முதல் பிழையைக் கண்டேன். துணி எங்கள் பக்கமாகப் புடைத்து நின்றது. நடுவில், ஆள் இருக்கிற உயரத்தில். யாரோ பின்னாலிருந்து நெற்றியை முட்டிப் பார்க்கிற மாதிரி.

கயிற்றை இழுத்தேன். தட்டையானது.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் புடைத்தது.

படத்தில் கதாநாயகன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். என்னைப் போல. வலது கையில்தான் அவனுடைய பலம் முழுக்க. முதல் சண்டையில் அந்த வலது கையை ஓங்கினான். எங்கள் சனம் எழும்பிவிட்டது. “வலக்கை! வலக்கையால குடு!” ஜெயந்தினி முன்வரிசையில் முழங்காலில் நின்றாள். செபஸ்தியாம்பிள்ளை அண்ணை, பெண்கள் பார்க்கிற படமா என்று கேட்ட மனுசன், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக் காற்றில் குத்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம்.

“இடக்கை... இடக்கையால குடு...”

யாரோ மாறிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது சண்டை வந்தது. திரும்பவும் அதே. இந்தப் பக்கம் “வலக்கை.” கொஞ்சம் தள்ளி, அடங்கின குரலில், பலர் சேர்ந்து...

“இடக்கை.”

சத்தம் வந்தது துணிக்குப் பின்னாலிருந்து.

எனக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பின்பக்கம் இருந்தே வளர்ந்தவன் நான். அவனுடைய வலது கை இடது கையாகத் தெரியவேண்டுமென்றால்... பார்க்கிறவன் அங்கேதான் இருக்கவேண்டும். அந்த வெளியில். பலகைகளுக்கு அங்கால்.

தூணில் சாய்ந்து, தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்தேன். மணல். இருட்டு. திரையின் வெளிச்சம் விழுகிற இடம்வரை வெறும் மணல்.

ஒருத்தரும் இல்லை.

ஒரு இருமல் கேட்டது. கைக்கெட்டுகிற தூரத்தில்.

ஓடியிருக்கலாம். ஓடினால் கயிறு விடுபடும், துணி விழும், சனம் சிதறும். சிதறினால் நாளைக்கு ஊர் இல்லை. ஜெயந்தினியின் மூட்டை கட்டினபடி கிடக்கிறது. கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினேன். நின்றேன்.

கடைசிச் சண்டை வந்தது. கதாநாயகன் அடிமேல் அடி வாங்கினான். ஒரு குத்து தாடையில். மெதுவாக... மெதுவாக... மரம் சரிகிற மாதிரி விழுந்தான். அவனுடைய முகம் துணி முழுக்கப் பெரிதாக வந்தது. ஒரு கண் மூடியிருந்தது. நடுவர் குனிந்து இங்கிலீசில் எண்ணினார். வன். டூ. திறீ. எங்கள் சனம் மூச்சை அடக்கியது. ஃபோர். ஃபைவ். சிக்ஸ்...

ஜெனரேற்றர் நின்றது.

எல்லாம் இருட்டு. ஹமீட் நானாவின் கைத்தொலைபேசி வெளிச்சம் மட்டும். எட்டு நாற்பத்து மூன்று என்று அதில் பார்த்ததாக அவர் பிறகு சொன்னார்.

“அஞ்சு நிமிசம்! ஒருத்தரும் எழும்பாதேங்கோ!”

அவர் ஜெனரேற்றர் நூலை இழுக்கிற சத்தம். சர்ர்க். பிடிக்கவில்லை. சர்ர்க்.

அப்போதுதான்...

“ஏழு.”

துணிக்குப் பின்னாலிருந்து.

எங்கள் ஊர்த் தமிழ். கரையில் மீன் எண்ணிப் போடுகிறவன் எண்ணுகிற மாதிரி. இழுத்து. அவசரமில்லாமல்.

இந்த முறை எல்லாருக்கும் கேட்டது. எனக்குத் தெரியும், ஏனென்றால் சனம் முழுக்க ஒரே அடியாக அமைதியானது.

“எட்டு.”

ஒரு குரல் இல்லை. பல குரல். கிழவர். பெண்கள். சின்னன்கள்.

யாரோ எழும்பி ஓடப் பார்த்தார்கள். பிள்ளை ஒன்று வீரிட்டது.

“ஒன்பது.”

பிறகு... நிறுத்தினார்கள்.

காத்திருந்தார்கள்.

பத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது. அவனும் முடிந்தான், நாங்களும் முடிந்தோம். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியாது. அந்த இருட்டில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பயம் எங்கே போனதோ. கோபம்தான் வந்தது. இருபது வருசத்துக் கோபம்.

வெளியைப் பார்த்து நான் கத்தினேன்.

“பத்தெண்டு மட்டும் சொல்லிப் பாருங்கோடா!”

அந்தப் பக்கம் ஒரு மூச்சும் இல்லை.

முன்வரிசையில் ஜெயந்தினி எழும்பினாள். இருட்டில் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

“எழும்படா!”

இன்னொரு பெண். “எழும்படா!”

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை. “எழும்பு ராசா!”

ஊரே.

“எழும்பு! எழும்பு! எழும்பு!”

அந்தப் பக்கமும் கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன். எங்களோடு சேர்ந்து. அதே சொல்லை.

துணியில் வெளிச்சம் வந்தது.

அவனுடைய முகம். கண் திறந்தது. மேடைக் கயிற்றைப் பிடித்தான். முழங்காலில் வந்தான்.

எழும்பினான்.

சனத்தின் சத்தம் வானத்தைப் பிளந்தது. அவன் கையை ஓங்கினான். குத்தினான். எதிராளி விழுந்தான்...

இடக்கையால் குத்தினான்.

நான் ஹமீட் நானாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஜெனரேற்றர் பக்கத்தில் குந்தியிருந்தார். நூல் கையில் இருந்தது. ஜெனரேற்றர் சத்தம் இல்லை. புரொஜெக்டர் செத்துக் கிடந்தது. ஒலிபெருக்கியிலும் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கம் வெளிச்சமே இல்லை.

படம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

துணியின் கீழ் விளிம்பில் நிழல்கள். தலைகள். வரிசை வரிசையாக. தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர். கையை உயர்த்தியிருந்த ஒருவர்.

எட்டிப் பார்த்தேன்.

மணல். இருட்டு. வேறொன்றும் இல்லை.

திரும்பத் துணியைப் பார்த்தேன். எழுத்து ஓடியது. எனக்கு வாசிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் மறுபக்கம் பார்த்தன.

அணைந்தது.

பிறகுதான் ஹமீட் நானா நூலை இழுத்தார். முதல் இழுவையிலேயே ஜெனரேற்றர் பிடித்தது. புரொஜெக்டர் எரிந்தது. படம் முதலிலிருந்து தொடங்கியது. மின்சாரம் போய் வந்தால் அந்தப் பெட்டி எப்போதும் அப்படித்தான் தொடங்கும். அவர் உடனே நிறுத்தினார்.

“போதும் தம்பி.”

செபஸ்தியாம்பிள்ளை அண்ணை சிலுவை போட்டார். “படம் முடிஞ்சுது. ஓடாதேங்கோ. மெதுவா எழும்பிப் போங்கோ.”

ஒருத்தரும் ஓடவில்லை. இதை நான் எங்கே வேண்டுமென்றாலும் சொல்வேன். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு, நடந்துதான் போனார்கள். நான் துணியை அவிழ்த்தேன். பின்பக்கம் சூடாக இருந்தது. ஆள் எழும்பிப் போன படுக்கை மாதிரி.

கொட்டிலுக்கு வந்தவுடன் ஜெயந்தினி விளக்கைக் கொளுத்தினாள். மூட்டையை அவிழ்த்தாள். பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

“பஸ்?” என்றேன்.

“அது போகட்டும்.”

விடிந்தபின் நானும் அண்ணையும் தூணடிக்குப் போனோம். பலகைகளுக்கு அங்கால் மணலில் பள்ளங்கள். ஆட்கள் சப்பாணி கட்டி இருந்த பள்ளங்கள். வரிசையாக, திரையைப் பார்த்தபடி. முன்வரிசைப் பள்ளங்கள் சின்னன். வந்த காலடியும் இல்லை, போன காலடியும் இல்லை. அண்ணை தொப்பியைக் கழற்றினார். நாங்கள் எண்ணவில்லை.

அடுத்த வருசம் மிதிவெடி எடுக்க வந்தார்கள். வேலை முடித்த பொடியன் ஒருவன் என்னிடம் சொன்னான். அந்த இடத்தில் ஒவ்வொரு காலடிக்கும் ஒரு வெடி. ஒரு நாய் நடந்திருந்தாலும் வெடித்திருக்கும். ஒன்றுகூட அமுங்கவில்லை. மனித எலும்பு ஏதும் கிடந்ததா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றான். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்குப் பிறகு இருமலும் இல்லை. போன குடும்பங்களில் பாதி திரும்பி வந்தது. தண்ணீர்க் குழாய் வந்தது.

இவ்வளவோடு என்றால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டு வருசம் கழித்து மன்னார் ரவுனில் சீமெந்து இறக்குகிற வேலை. பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒரு கடைக்குப் போனேன். அங்கே டிவியில் அதே படம். அதே கடைசிச் சண்டை. குடிக்காமல் நின்று பார்த்தேன். தாடையில் குத்து. விழுந்தான். முகம் பெரிதாக வந்தது. சிக்ஸ். செவன். எய்ற். நைன்...

ரென். பத்து.

மணி அடித்தது. தாய் வந்து அவனுடைய முகத்தைத் துவாயால் மூடினாள். எழுத்து ஓடியது.

“தம்பி, இது வெட்டின படம். மிச்சம் இருக்கு” என்றேன் கடைக்காரனிடம்.

“என்ன மிச்சம் அண்ணை? அவன் செத்திடுவான். அவ்வளவுதான் படம்.”

வேலைக்குப் போகவில்லை. உப்புக்குளத்துக்கு நடந்தேன். ஹமீட் நானா வாசலில் கதிரை போட்டு இருந்தார். நான் கேட்க முன்னமே அவருக்கு விளங்கிவிட்டது.

“அதுக்கு முன்னம் எத்தனையோ ஊரில அந்தப் படத்தைப் போட்டனான் தம்பி. ஒரு ஊரிலயும் அவன் எழும்பேல்லை. அதாலதான் அண்டைக்கு என்ர கை ஓடேல்லை.”

பின்னேரம் வீட்டுக்கு வந்து ஜெயந்தினியிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. வடக்குப் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பவும் வெட்டத் தொடங்கினாள்.

“அங்க பத்துச் சொல்லியிருக்கிறாங்கள். செத்திட்டான்” என்றாள். “இஞ்ச ஒருத்தரும் சொல்லேல்லை.”